வெளிமாநில போலீஸ் கைது செய்ய வந்தால்: எல்லை தாண்டுவதற்குள் முடிக்க வேண்டிய வேலைகள்

சித்தூரில் ஒரு திருட்டு வழக்கு, பெங்களூரில் ஒரு பண மோசடிப் புகார், பாலக்காட்டில் ஒரு நகை வழக்கு, டெல்லியில் ஒரு சைபர் புகார். வழக்கு எங்கே பதிவாகியிருந்தாலும், சந்தேகப்படும் ஆள் தமிழ்நாட்டில் இருந்தால் அந்த ஊர் போலீஸ் இங்கே வந்துதான் பிடிக்கும். சீருடை இல்லாமல், வெளிமாநிலப் பதிவெண் கொண்ட காரில், விடிவதற்கு முன் வந்து நிற்பார்கள். பேசுவது வேறு மொழியாக இருக்கும். வந்தவர்கள் போலீஸா, ஆள் கடத்துபவர்களா என்றுகூட வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியாது. பதற்றத்தில் அரை மணி நேரம் போய்விடும். அதற்குள் கார் சுங்கச்சாவடியைத் தாண்டியிருக்கும்.

கைதானவர் தமிழ்நாட்டுக்குள் இருக்கும்வரை வக்கீல் கிடைப்பார், மொழி புரியும், உறவினர் ஸ்டேஷன் வாசலில் நிற்க முடியும், பக்கத்து ஊர் மாஜிஸ்திரேட் முன் பேச முடியும். எல்லை தாண்டிவிட்டால் இவை ஒவ்வொன்றுக்கும் பயணச் செலவும் மொழிபெயர்ப்பாளரும் தேவைப்படும். அதனால் இந்தப் பக்கம் இருக்கும்போதே எத்தனை இடங்களில் கைது பதிவாகிறதோ அத்தனைக்கு அவர் பாதுகாப்பாக இருப்பார். என்னென்ன பதிவுகள், எந்த வரிசையில், யாரிடம் கேட்டு வாங்குவது என்பதைக் கீழே எழுதியிருக்கிறோம்.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையை விட்டுவிட வேண்டும். "எங்கள் ஊர் ஸ்டேஷன் அனுமதி இல்லாமல் வேறு மாநில போலீஸ் கை வைக்க முடியாது" என்று பலர் வாதாடுவார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 45ஆவது பிரிவுப்படி, வாரண்ட் இல்லாமலே கைது செய்யத்தக்க ஒருவரைப் பிடிக்க, போலீஸ் அதிகாரி இந்தியாவின் எந்த இடத்துக்கும் பின்தொடர்ந்து செல்லலாம். வாரண்ட்டும் அப்படித்தான், 79ஆவது பிரிவின்படி நாட்டில் எங்கும் அதை நிறைவேற்றலாம். எனவே வாசலை மறித்து நிற்பதால் கைது நிற்காது. ஊர் கூடித் தள்ளுமுள்ளு ஆனால், அரசு ஊழியரைத் தடுத்ததாக உள்ளூர் ஸ்டேஷனிலேயே இன்னொரு வழக்கு பதிவாகும். அந்த வழக்கில் வீட்டில் மிச்சம் இருப்பவர்களும் சிக்குவார்கள். கைது செய்யும் அதிகாரத்தோடு சேர்த்துச் சட்டம் விதித்திருக்கும் கடமைகளைப் பிடித்துக்கொள்வதுதான் பலன் தரும்.

வாசலில் கேட்க வேண்டியவை

வந்திருப்பவர்களிடம் அடையாள அட்டை கேளுங்கள். பெயர், பதவி, ஸ்டேஷன், மாவட்டம் நான்கையும் எழுதிக்கொள்ளுங்கள். கைது செய்யும் அதிகாரியின் பெயர் தெளிவாகத் தெரியும்படி இருக்க வேண்டும் என்று அதே சன்ஹிதாவின் 36ஆவது பிரிவு சொல்கிறது. வண்டி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் போட்டோ எடுங்கள். எத்தனை பேர், அவர்களில் போலீஸ் அல்லாத ஆள் யாராவது உண்டா என்று பாருங்கள். புகார்தாரரையோ அவருடைய ஆட்களையோ அடையாளம் காட்டக் கூட்டி வருவது உண்டு. அவர்கள் இருந்தால் அதையும் குறித்து வையுங்கள்; பின்னால் கோர்ட்டில் பயன்படும்.

அடுத்து, எந்த வழக்கு என்று கேளுங்கள். குற்ற எண், ஆண்டு, ஸ்டேஷன் பெயர், சட்டப் பிரிவு இவை இருந்தால் போதும். முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016இல் உத்தரவிட்டது. பாலியல் குற்றம், தீவிரவாதம் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. ஆகவே குற்ற எண் கையில் கிடைத்தால், அந்த மாநில போலீஸின் இணையதளத்தில் எஃப்.ஐ.ஆர். இருக்கிறதா என்று வக்கீல் அலுவலகத்தில் உட்கார்ந்தே பார்த்துவிடலாம். குற்ற எண்ணைச் சொல்லவே மறுக்கிறார்கள் என்றால் அங்கேயே எச்சரிக்கையாகிவிடுங்கள். வழக்கே பதிவாகாமல், பணம் வசூலிப்பதற்காக மட்டும் ஆளைத் தூக்கிப் போவதும் நடப்பதுதான்.

மூன்றாவது கேள்வி, இது கைதா, நோட்டீஸா, வெறும் விசாரணையா என்பது. "சும்மா ஒரு கையெழுத்து, நாளைக்கு அனுப்பிவிடுவோம்" என்ற பேச்சை நம்பி வண்டியில் ஏறியவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். கைது என்று அறிவிக்காதவரை கைதுக்கு உரிய எந்தப் பதிவும் உருவாகாது. மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டிய 24 மணி நேரக் கணக்கும் தொடங்காது என்று பின்னால் வாதிடுவார்கள். கைது என்றால் கைது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். இல்லையென்றால் நோட்டீஸ் கொடுக்கச் சொல்லுங்கள்.

நோட்டீஸ் இரண்டு வகை. இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வரும் சிக்கல் கொஞ்சமல்ல. 179ஆவது பிரிவு நோட்டீஸ் சாட்சிகளுக்கானது. விசாரணை அதிகாரி தன் ஸ்டேஷன் எல்லையிலோ ஒட்டியுள்ள ஸ்டேஷன் எல்லையிலோ இருப்பவரைத்தான் இதன் மூலம் வரச் சொல்லலாம். விஜயவாடா ஸ்டேஷன் சேலத்தில் இருக்கும் சாட்சிக்கு இந்தப் பிரிவில் நோட்டீஸ் அனுப்பிக் கட்டாயப்படுத்த முடியாது. பெண்கள், 15 வயதுக்குக் கீழ் அல்லது 60 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயில் இருப்பவர்கள் ஆகியோரை எந்த ஊராக இருந்தாலும் அவர்கள் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும். 35ஆவது பிரிவின் மூன்றாம் உட்பிரிவு நோட்டீஸ் வேறு. அது சந்தேக நபருக்கு, கைது தேவையில்லை என்று கருதும்போது கொடுப்பது. அதற்கு எல்லை கிடையாது. மதித்து ஆஜரானால் சாதாரணமாகக் கைது செய்யக் கூடாது. செய்வதானால் காரணத்தை எழுத வேண்டும். மதிக்காவிட்டால் அதுவே கைதுக்குக் காரணமாகும். ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது ஏன் தேவை என்று பதிவு செய்யாமல் கைது செய்யக் கூடாது என்பது 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அழுத்திச் சொன்னது. அந்த வழக்கின் பெயரைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது முறையாக ஒப்படைத்ததாக ஆகாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதற்காக வந்ததைப் படிக்காமல் அழித்துவிடாதீர்கள். வக்கீல் மூலம் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் பதில் அனுப்பி, உடல்நிலையையோ தூரத்தையோ காரணம் காட்டி வேறு தேதி கேளுங்கள். பதில் அனுப்பிய ரசீது பின்னால் முன்ஜாமீன் மனுவில் முதல் ஆவணமாக நிற்கும். வீடியோ காலில் சீருடையோடு தோன்றி "நீங்கள் டிஜிட்டல் கைதில் இருக்கிறீர்கள், கேமராவை அணைக்காதீர்கள்" என்று சொல்பவர் போலீஸே அல்ல. அப்படி ஒரு கைது எந்தச் சட்டத்திலும் இல்லை. தொடர்பைத் துண்டித்து, சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள்.

கைது என்று சொன்னபின்

கைதுக் குறிப்பு எழுத வேண்டும். அரெஸ்ட் மெமோ என்றுதான் ஸ்டேஷனில் சொல்வார்கள். அதில் கைது செய்த தேதி, நேரம், இடம் இருக்கும். குடும்பத்தாரில் ஒருவரோ அந்தப் பகுதியின் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கைதானவரும் கையெழுத்திட வேண்டும். இதில் கவனிக்க வேண்டியது நேரமும் இடமும்தான். திருவண்ணாமலையில் காலை 5 மணிக்குப் பிடித்துவிட்டு, மறுநாள் மாலை திருப்பதி பஸ் நிலையத்தில் பிடித்ததாக எழுதுவது பழைய பழக்கம். 24 மணி நேரக் கணக்கையும், இங்கே மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும் வேலையையும் ஒரே வரியில் தவிர்த்துவிடும் வழி அது. குடும்பத்தார் சாட்சியாகக் கையெழுத்திடும்போது, பக்கத்திலேயே தன் கையால் தேதி, நேரம், ஊர் மூன்றையும் எழுதுங்கள். தமிழில் எழுதினால் போதும். மெமோவைப் போட்டோ எடுக்க விடவில்லை என்றால், உடனே உங்கள் போனிலிருந்து வக்கீலுக்கு அதே விவரங்களைச் செய்தியாக அனுப்புங்கள். அந்தச் செய்தியின் நேரம் பின்னால் பேசும்.

கைதுக்கான காரணத்தை எழுத்தில், கைதானவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். எந்தக் குற்றமாக இருந்தாலும் இது பொருந்தும் என்று 2025 நவம்பரில் மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உடனே எழுதித் தர முடியாத சூழலில் வாயால் சொல்லலாம். ஆனால் ரிமாண்டுக்காக (காவலில் வைக்கும் உத்தரவுக்காக) மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவதற்குக் குறைந்தது 2 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் கைதும் ரிமாண்டும் சட்டவிரோதம். தெலுங்கிலோ கன்னடத்திலோ இருக்கும் காகிதத்தை நீட்டிக் கையெழுத்து கேட்டால், தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்து வற்புறுத்தினால், "இதன் உள்ளடக்கம் எனக்குத் தெரியாத மொழியில் உள்ளது, தமிழில் விளக்கவில்லை" என்று தமிழில் எழுதி அதன் கீழ் கையெழுத்திடுங்கள். வெற்றுத்தாளில் எந்தக் காரணத்துக்காகவும் கையெழுத்திட வேண்டாம். விசாரணையில் போலீஸிடம் சொல்லும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கவே கூடாது என்று 181ஆவது பிரிவு சொல்கிறது. இதைப் பல படித்தவர்களும் அறிவதில்லை.

பெண்ணைக் கைது செய்ய வந்தால் இன்னும் கண்டிப்பு உண்டு. சூரியன் மறைந்த பின்பும் உதிக்கும் முன்பும் கைது செய்யக் கூடாது. தவிர்க்க முடியாத நிலை என்றால், பெண் போலீஸ் அதிகாரி எழுத்துப்பூர்வமான அறிக்கை கொடுத்து மாஜிஸ்திரேட்டின் முன்அனுமதி வாங்கியிருக்க வேண்டும். பெண் போலீஸ் இல்லாமல் வந்த குழுவிடம் அந்த அனுமதியைக் கேளுங்கள். மூன்று ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றத்தில் 60 வயதைக் கடந்தவரையோ உடல் தளர்ந்தவரையோ கைது செய்ய டி.எஸ்.பி. அனுமதி வேண்டும். 18 வயது நிரம்பாதவர் என்றால் லாக்கப்பும் இல்லை, சாதாரண மாஜிஸ்திரேட்டும் இல்லை. இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்தான் நிறுத்த வேண்டும். பிறப்புச் சான்றிதழையோ பள்ளி மாற்றுச் சான்றிதழையோ கையோடு எடுத்துக்கொண்டு ஓடுங்கள்.

உள்ளூர் ஸ்டேஷனில் ஒரு பதிவு

வண்டி கிளம்புவதற்குள் வந்தவர்களிடம், "லோக்கல் ஸ்டேஷனில் தகவல் கொடுத்தீர்களா, எந்த ஸ்டேஷன்?" என்று கேளுங்கள். கூடவே நீங்களே 112க்கு அழையுங்கள். "போலீஸ் என்று சொல்லும் இத்தனை பேர், இந்த எண் வண்டியில், இன்னாரை இந்த முகவரியிலிருந்து ஏற்றுகிறார்கள்" என்று சொன்னால் போதும். அந்த அழைப்பு நேரத்தோடு பதிவாகும். ரோந்து போலீஸ் வந்து விசாரித்தால், வந்தவர்கள் தங்கள் அடையாளத்தையும் வழக்கு எண்ணையும் தமிழ்நாடு போலீஸிடம் சொல்லியே ஆக வேண்டிய நிலை வரும். உண்மையான போலீஸுக்கு இதில் எந்தச் சங்கடமும் இல்லை.

இந்த விஷயத்தில் விரிவான வழிகாட்டுதல் டெல்லி உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரில் சந்தீப் குமார் வழக்கில் தந்ததுதான். வெளிமாநிலம் செல்லும் அதிகாரி தன் மேலதிகாரியின் அனுமதியை வாங்க வேண்டும், கிளம்பும்போது டைரியில் போகிறவர்கள் பெயர், வண்டி எண், நோக்கம், நேரம் எழுத வேண்டும், புகார், எஃப்.ஐ.ஆர். ஆகியவற்றின் நகலைப் போகும் மாநிலத்தின் மொழியில் பெயர்த்து எடுத்துச் செல்ல வேண்டும். போன இடத்து ஸ்டேஷனில் தகவல் சொல்லி உதவி கேட்க வேண்டும். கைதானவர் வக்கீலைக் கலந்து பேச வாய்ப்பு தர வேண்டும். திரும்பும்போதும் அந்த ஸ்டேஷனில் யாரை அழைத்துப் போகிறோம், என்ன பொருளைக் கைப்பற்றினோம் என்று எழுதிவிட்டுப் போக வேண்டும். தமிழ்நாட்டு நீதிமன்றங்களை அது நேரடியாகக் கட்டுப்படுத்தாது என்றாலும், இங்குள்ள மாஜிஸ்திரேட் முன் எடுத்துக்காட்ட நல்ல அளவுகோல். தீர்ப்பின் நகலை வக்கீல் தன் போனிலேயே வைத்திருக்கலாம்.

உள்ளூர் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனால் இன்னொரு பலனும் உண்டு. 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில், எல்லா ஸ்டேஷன்களிலும் சிசிடிவி இருக்க வேண்டும், பதிவுகளைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார் என்பதற்கு அதுதான் சாட்சி. பதிவை அழிக்காமல் வைக்கக் கேட்டு ஓரிரு நாளிலேயே மனு கொடுத்துவிடுங்கள். ஸ்டேஷனுக்குப் போகாமல் லாட்ஜில் ரூம் போட்டு விசாரிப்பதுதான் ஆபத்து. அங்கே பதிவும் இல்லை, கேமராவும் உங்கள் கைக்கு வராது.

எதையும் சொல்லாமல் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்றால், அழுது கொண்டிருக்கும் நேரத்தில் ஒருவர் எழுத உட்காருங்கள். அரைப் பக்கம் போதும். பெயர், வயது, முகவரி. ஏற்றிய இடம், தேதி, நேரம். வண்டி எண், நிறம். வந்தவர்கள் சொன்ன ஊர், ஸ்டேஷன். காகிதம் எதையும் காட்டினார்களா. கைதானவருக்குச் சர்க்கரை, இதய நோய் போன்றவை இருந்தால் அதுவும், சாப்பிடும் மாத்திரையும். இதை மாவட்ட எஸ்.பி. அல்லது மாநகர கமிஷனர், பகுதி மாஜிஸ்திரேட் கோர்ட், மாநில மனித உரிமை ஆணையம், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆகியோருக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். நகலைப் பதிவுத் தபாலிலும் போடுங்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும், ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கைதானவர்கள் பற்றிய விவரம் வைத்திருக்க உதவி சப்-இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாத ஒரு பொறுப்பு அதிகாரி இருக்க வேண்டும் என்று 37ஆவது பிரிவு சொல்கிறது. அவரிடமும் கேளுங்கள். ஒரு நாள் முழுக்க இருப்பிடமே தெரியவில்லை என்றால், ஆளைக் கோர்ட்டில் நிறுத்தச் சொல்லும் ஆட்கொணர்வு மனு. வடமாவட்டங்களுக்குச் சென்னையிலும் தென்மாவட்டங்களுக்கு மதுரைக் கிளையிலும் தாக்கல் செய்யலாம். அந்த அரைப் பக்கமும் 112 அழைப்பின் நேரமும் அந்த மனுவுக்கு முதுகெலும்பு.

மாஜிஸ்திரேட் முன்: டிரான்சிட் ரிமாண்ட்

எல்லாவற்றிலும் முக்கியமான இடம் இது. "டிரான்சிட் ரிமாண்ட்" என்ற சொல் சட்டப் புத்தகத்தில் எங்கும் இல்லை. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்று அரசியலமைப்பின் 22ஆவது பிரிவும் சன்ஹிதாவின் 58ஆவது பிரிவும் சொல்கின்றன. பயண நேரம் மட்டும் அந்தக் கணக்கில் சேராது. வழக்கை விசாரிக்க அதிகாரம் இல்லாத மாஜிஸ்திரேட்டும் காவலுக்கு உத்தரவிடலாம் என்று 187ஆவது பிரிவு அனுமதிக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்து, பிடித்த ஊரின் மாஜிஸ்திரேட்டிடம் ஆளை அழைத்துப் போக உத்தரவு வாங்கும் நடைமுறை உருவானது.

"பயண நேரம் சேராது" என்பதைத்தான் போலீஸ் பயன்படுத்திக்கொள்ளும். வேலூரில் பிடித்து நேரே சித்தூர் கோர்ட்டுக்குப் போனால் ஒரு நாளுக்குள் முடிந்துவிடும். அதைச் சட்டவிரோதம் என்று காட்டுவது கடினம். மதுரையில் பிடித்து ராஜஸ்தானுக்குக் காரிலோ ரயிலிலோ மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் கூட்டிப் போவது அப்படியல்ல. வழியில் எத்தனை மாஜிஸ்திரேட்டுகள் இருந்தார்கள், ஏன் ஒருவர் முன்னும் நிறுத்தவில்லை என்று கேட்க முடியும். ஆகவே தூரம் கூடக்கூட உங்கள் கோரிக்கைக்கு வலு கூடும்.

எந்த கோர்ட்டுக்குக் கொண்டு வருவார்கள் என்று உள்ளூர் ஸ்டேஷனில் விசாரித்து, வக்காலத்தோடு வக்கீலை அங்கே நிறுத்துங்கள். விடுமுறை நாளிலும் மாலை நேரத்திலும் மாஜிஸ்திரேட்டின் வீட்டில் நிறுத்துவார்கள். அங்கேயும் வக்கீல் போகலாம். பணம் இல்லாதவர்கள் கோர்ட் வளாகத்திலேயே இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் சொன்னால் ரிமாண்ட் வக்கீல் வருவார். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்று 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆவது பிரிவு சொல்கிறது. எண் 15100, கட்டணம் கிடையாது.

அந்த நிமிடத்தில் வழக்கு உண்மையா பொய்யா என்று வாதாடுவதில் நேரத்தைக் கரைக்க வேண்டாம். மாஜிஸ்திரேட் சாட்சியங்களை எடைபோடப் போவதில்லை. வழக்கு டைரி முழுவதும் கூட அவர் முன் இருக்காது, இருந்தாலும் வேறு மொழியில் இருக்கும். வக்கீல் கேட்க வேண்டியது சிறு சிறு விஷயங்கள். எஃப்.ஐ.ஆர். நகலும் அதன் மொழிபெயர்ப்பும் எங்கே? கைதுக் குறிப்பில் உள்ள நேரம் சரியா? கைதுக் காரணம் தமிழில் கொடுத்தார்களா, எத்தனை மணிக்கு? உறவினருக்குத் தகவல் சொன்னார்களா? 35ஆவது பிரிவின்படி கைது தேவை என்பதற்குக் காரணம் எழுதியிருக்கிறார்களா? அரசு மருத்துவமனையில் பரிசோதனை நடந்ததா? காயம் இருந்தால் கைதானவர் தாமே வாய் திறந்து மாஜிஸ்திரேட்டிடம் சொல்ல வேண்டும். "அடித்தார்கள்" என்ற ஒரு சொல் ரிமாண்ட் உத்தரவில் ஏறினால் வழியில் நடத்தும் விதமே மாறும். பயந்து தலையாட்டிவிட்டு, பின்னால் சொன்னால் யாரும் நம்புவதில்லை. மருத்துவ அறிக்கையின் நகல் கைதானவருக்கோ அவர் சொல்லும் ஆளுக்கோ தர வேண்டியது, கேட்டு வாங்குங்கள்.

அழைத்துப் போக அனுமதிப்பது என்று முடிவானால், உத்தரவில் இவை இடம்பெறக் கேளுங்கள்: எந்த கோர்ட்டில், எந்தத் தேதி, எத்தனை மணிக்குள் நிறுத்த வேண்டும், எந்த வழியாக, எந்த வாகனத்தில், கிளம்பும் முன்பும் சேர்ந்த பின்பும் மருத்துவப் பரிசோதனை, வழக்கமாகச் சாப்பிடும் மருந்தைக் கையில் கொடுத்தல், போகும் வழியில் உறவினரோடு ஒரு முறையாவது போனில் பேச அனுமதி. "விரைவில் ஆஜர்படுத்தவும்" என்று மொட்டையாக எழுதிய உத்தரவால் நான்கைந்து நாள் வழியிலேயே கழியும். போலீஸ் காவலுக்கு முதல் முறை உத்தரவிடும்போது ஆள் நேரில் இருக்க வேண்டும் என்று 187ஆவது பிரிவின் நான்காம் உட்பிரிவு சொல்கிறது. வீடியோவில் முகம் காட்டி முடிக்கப் பார்த்தால் இதைச் சுட்டிக்காட்டுங்கள். உத்தரவின் சான்றிட்ட நகலுக்கு அன்றே மனுப் போட்டுவிடுங்கள். அடுத்த மாநிலத்து வக்கீல் முதலில் கேட்பது அதைத்தான்.

ஜாமீனில் விடக்கூடிய குற்றமாக இருந்தால் மாநில எல்லை பற்றிய பேச்சே வேண்டாம். ஜாமீன் கொடுக்கத் தயார் என்றால் போலீஸே விட வேண்டும், மறுத்தால் மாஜிஸ்திரேட் விடுவார்.

கையில் வாரண்ட் இருந்தால்

வாரண்ட் எழுத்தில், நீதிபதி கையெழுத்தோடு, கோர்ட் முத்திரையோடு இருக்க வேண்டும். கேட்டால் காட்ட வேண்டும். முன்பக்கத்தைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள், பின்பக்கத்தைப் புரட்டுங்கள். 73ஆவது பிரிவின்படி, இத்தனை ஜாமீன்தாரர், இவ்வளவு தொகை, இந்தத் தேதியில் ஆஜராக உறுதி கொடுத்தால் விட்டுவிடலாம் என்று நீதிபதி அங்கே எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால், பிணைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு அதிகாரி அங்கேயே விட வேண்டும். செக் வழக்குகளில் வரும் வாரண்ட்டுகளில் இதை அவசியம் பாருங்கள்.

வெளிமாநில வாரண்ட்டோடு வரும் அதிகாரி, சாதாரணமாக உள்ளூர் நிர்வாக நடுவரிடமோ (தாசில்தார், ஆர்.டி.ஓ. போன்றவர்), ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரிக்குக் குறையாத ஒருவரிடமோ வாரண்ட்டின் மேல் ஒப்புதல் கையெழுத்து (மேலொப்பம்) வாங்க வேண்டும். தாமதித்தால் ஆள் தப்பிவிடுவார் என்ற நிலையில் மட்டும் விலக்கு. கைதுக்குப் பின், வாரண்ட் கொடுத்த கோர்ட் 30 கிலோமீட்டருக்குள் இருந்தால் நேரே அங்கே கொண்டு போகலாம். களியக்காவிளையில் பிடித்து நெய்யாற்றின்கரை கோர்ட்டுக்குப் போவது இப்படி. அதைவிடத் தூரம் என்றால், உள்ளூர் நிர்வாக நடுவர், எஸ்.பி. அல்லது கமிஷனர் முன் நிறுத்த வேண்டும். ஜாமீனில் விடக்கூடிய குற்றம் என்றால் அவரே ஜாமீன் எடுத்துக்கொண்டு பத்திரத்தை வெளிமாநில கோர்ட்டுக்கு அனுப்பலாம். விடமுடியாத குற்றத்திலும், கைதான மாவட்டத்தின் தலைமைக் குற்றவியல் நடுவரோ அமர்வு நீதிபதியோ ஆவணங்களைப் பார்த்து ஜாமீன் தரலாம் என்று 83ஆவது பிரிவு இடம் தருகிறது. நம் ஊரிலேயே ஜாமீன் வாங்கச் சட்டம் திறந்து வைத்திருக்கும் இந்த வழியை வக்கீல்களே அதிகம் முயன்று பார்ப்பதில்லை, முயலுங்கள்.

முன்பே தெரிந்தால்

வேறு மாநிலத்தில் எஃப்.ஐ.ஆர். பதிவாகியிருப்பது கைதுக்கு முன்பே தெரிந்தால், நம் மாவட்ட அமர்வு நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ குறுகிய கால முன்ஜாமீன் கேட்கலாம். இதை 2023 நவம்பர் 20 அன்று பிரியா இந்தோரியா வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. நிபந்தனைகள் உண்டு. வழக்கு நடக்கும் மாநிலத்தின் விசாரணை அதிகாரிக்கும் அரசு வழக்கறிஞருக்கும் நோட்டீஸ் போக வேண்டும். அங்கே போய் உடனே மனுப் போட முடியாததற்குக் காரணம் காட்ட வேண்டும். உயிருக்கு ஆபத்து, உடல்நலக் குறைவு போன்றவை. மனுதாரருக்கும் இந்த ஊருக்கும் உண்மையான தொடர்பு இருக்க வேண்டும். ஆதார், வாடகை ஒப்பந்தம், வேலை பார்க்கும் இடத்தின் கடிதம், மருத்துவச் சீட்டு எல்லாவற்றையும் மனுவோடு சேருங்கள். சாதகமான நீதிமன்றம் தேடி வந்ததாகத் தோன்றினால் மனு நிற்காது. பட்டியல் சாதி, பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் வழக்குகளில் முன்ஜாமீனுக்கே தடை இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இங்கே நடக்கும் பெரிய பிழை, கிடைத்த உத்தரவை முழு ஜாமீன் என்று எண்ணி வீட்டில் உட்கார்ந்துவிடுவது. அது அந்த ஊர் கோர்ட்டுக்குப் போய் முறையான முன்ஜாமீன் கேட்பதற்கான அவகாசம் மட்டுமே. உத்தரவு வந்த அன்றே அந்த ஊர் வக்கீலுக்கு எஃப்.ஐ.ஆர். நகலும் உத்தரவு நகலும் போய்விட வேண்டும். கடைசி நாளில் போனால், அங்கே கோர்ட் விடுமுறை என்ற ஒரு காரணத்தாலேயே பாதுகாப்பு முடிந்துவிடும்.

எல்லைக்கு அப்பால்

கொண்டு போய்விட்டார்கள் என்றால் 15100க்கு அழைத்து, எந்த மாநிலம், எந்த மாவட்டம் என்று சொல்லி அந்த ஊர்ச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைத் தொடர்புகொள்ளுங்கள். அங்கே அமர்த்தும் வக்கீலிடம் முதலில் சொல்ல வேண்டியது, கைதானவருக்குத் தமிழ் மட்டுமே தெரியும் என்பது. மொழிபெயர்ப்பாளர் கேட்டு மனுப் போட அவருக்கு அது வேண்டும். சிறையில் இருப்பவரின் வக்காலத்துக் கையெழுத்துக்குச் சிறை அதிகாரியின் சான்று தேவை. வெற்று வக்காலத்து நாலைந்தை ஒன்றாகவே அனுப்பி வைத்தால் ஒவ்வொரு மனுவுக்கும் அலைய வேண்டியதில்லை.

ஜாமீன் கிடைத்தபின்தான் பலருக்கு உண்மையான கஷ்டம் தொடங்குகிறது. "உள்ளூர் ஜாமீன்தாரர் இரண்டு பேர் வேண்டும்" என்பார்கள். தெரியாத ஊரில் கூலி வேலைக்குப் போனவருக்கு யார் நிற்பார்கள்? இதை 1978லேயே நீதிபதி கிருஷ்ண ஐயர் மோத்தி ராம் வழக்கில் கண்டித்துவிட்டார். ஜாமீன் நிற்க வந்த ஒரு கொத்தனாரின் சகோதரரை, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மாஜிஸ்திரேட் நிராகரித்த வழக்கு அது. தமிழரோ மலையாளியோ தூரத்து ஊரில் கைதானால் உள்ளூர் ஜாமீனுக்கு எங்கே போவார் என்று தீர்ப்பிலேயே கேட்டிருக்கிறார். உள்ளூர் ஜாமீன்தாரர் என்ற நிபந்தனை விடுதலையைத் தாமதப்படுத்துகிறது, அதை விதிக்காமல் இருக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 31 அன்றும் சொன்னது. இரண்டையும் காட்டி நிபந்தனையை மாற்றக் கேளுங்கள். இங்கிருந்து ஜாமீன்தாரர் போவதானால், தாசில்தார் தரும் சொத்து மதிப்புச் சான்றிதழை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கி, பட்டா நகலோடு ஆங்கில மொழிபெயர்ப்பையும் நோட்டரி சான்றோடு எடுத்துச் செல்லுங்கள். தமிழ்ப் பட்டாவை மட்டும் நீட்டினால் சரிபார்க்கவே வாரங்கள் ஆகும். ஜாமீன்தாரருக்குப் பதில் ரொக்கம் கட்ட அனுமதி கேட்பது பல சமயம் இதைவிடச் சீக்கிரம் முடியும்.

2023ஆம் ஆண்டின் அதே உத்தரவில் இன்னும் இரண்டு பயனுள்ள ஏற்பாடுகள் உள்ளன. ஜாமீன் உத்தரவின் நகலை அன்றோ மறுநாளோ சிறைக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட வேண்டும். ஜாமீன் கிடைத்து 7 நாளாகியும் ஆள் வெளியே வரவில்லை என்றால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த ஏழாம் நாளை நாள்காட்டியில் குறித்து வைத்து, எட்டாம் நாள் காலையில் நீங்களே செயலாளர் அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள். ஜாமீன் தொகை கட்ட வழியில்லாதவர்களுக்கு உதவ மத்திய அரசின் ஏழைக் கைதிகள் திட்டம் 2023 முதல் இருக்கிறது. போதைப்பொருள், ஊழல், பணச் சலவை, சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்ட வழக்குகளுக்கு அது பொருந்தாது. அதற்கான பரிந்துரையும் அதே செயலாளர் வழியாகத்தான் போக வேண்டும். ஆகவே அந்த ஒரு போன் அழைப்பில் இரண்டையும் கேட்டுவிடுங்கள்.